வன்னியிலிருந்து மழைக்கால மலையகத்துக்கு: குடும்பத்தோடு வான் பிடித்துப் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறை வந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு வான் வானாகப் போகிறார்கள். இங்கே கச்சான் காற்றில் புழுதி பறக்கும் காலம் அது. அங்கே தென்மேற்குப் பருவமழை. ஒரே நாளில் ஒரு காலநிலையிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறோம். ஆனால் வானும் சாரதியும் உடுப்பும் நேரக்கணக்கும் எல்லாம் வன்னிக்கு ஏற்றபடியே இருக்கின்றன. நாங்கள் போனபோது வாடகைக்கு வந்த வானின் வைப்பர் றப்பர் பாதி கிழிந்து, புசல்லாவை தாண்டியதும் கண்ணாடியில் தண்ணீரைத் துடைக்காமல் இழுத்துப் பூசத் தொடங்கியது. மூடுபனிக்குள் வீதியோரம் நின்று, பின்னால் வந்த ஒரு தோட்டத்து லொறிக்காரரின் உதவியோடுதான் மேலே போய்ச் சேர்ந்தோம். அந்தச் சிரமம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று. இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு விடியும்போது நுவரெலியாவில் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழைக்காலத்தில் அந்த வழக்கத்தை விடுங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த ஒன்றுக்காகத்தான்.

1. மாதத்தையும் மலையின் பக்கத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

மலையகம் முழுவதும் ஒரே நேரத்தில் நனைவதில்லை. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், தலவாக்கலை எல்லாம் அந்தப் பக்கம். அதே நாட்களில் பண்டாரவளை, எல்ல, பதுளை ஓரளவு காய்ந்திருக்கும். பச்சையும் அருவியும் வேண்டும், ஆனால் பிள்ளைகள் வெளியே இறங்கி ஓடவும் வேண்டும் என்றால் இரண்டு இரவு நுவரெலியா, ஒரு இரவு பண்டாரவளை என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மே, ஜூன் மாதங்களில் தென்மேற்கு மழை மூர்க்கமாக இருக்கும். ஆகஸ்டில் பெரும்பாலும் தூறலும் பனியும்தான். ஒக்டோபர், நவம்பரில் குடும்பத்தோடு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பகல் வெளித்துத் தெரியும், பின்னேரம் இடியோடு கொட்டும், மண்சரிவும் அந்த நாட்களில் அதிகம். கொஸ்லாந்தை மீரியபெத்தை சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பிய்த்தெறிந்தது 2025 நவம்பர் கடைசியில். எப்படியும் அது எங்களுக்குக் காலபோக விதைப்புக் காலம்.

ஆகஸ்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டி எசல பெரஹரா ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். அந்த நாட்களில் பின்னேரமானால் நகர வீதிகளை மூடிவிடுவார்கள், அறை வாடகையும் எகிறும். திகதியை முதலிலேயே பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

2. வானைப் பகலில் பாருங்கள், சாரதியோடு நேரில் கதையுங்கள்

போனில் பேசி முற்பணம் அனுப்பி, வெளிக்கிடும் இரவில்தான் வானைப் பார்ப்பது பெரிய பொறி. இருட்டில் டயரும் தெரியாது, வைப்பரும் தெரியாது. இரண்டு நாள் முன்னதாகப் பகலில் போய்ப் பாருங்கள்.

டயரின் பள்ளம் தேய்ந்து மழுங்கியிருந்தால் அந்த வான் வேண்டாம். ஸ்பெயார் டயரையும் கீழே இறக்கிப் பாருங்கள், மற்ற நான்கும் நன்றாக இருக்க அது மட்டும் வழுக்கையாக இருப்பது வழக்கம். வைப்பர் றப்பரை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் வெயிலில் அது மாதக்கணக்கில் வேலை இல்லாமல் காய்ந்து, நுனியில் வெடித்திருக்கும். புதிதாக ஒரு சோடி போடும் செலவு மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. அதை நீங்களே கொடுப்பதாகச் சொன்னாலும் நட்டமில்லை. பிரேக் பட், பிரேக் ஓயில், கூலன்ற் மூன்றையும் கராஜில் காட்டச் சொல்லுங்கள். மூடுபனிக்கான மஞ்சள் விளக்கு இருந்தால் நல்லது.

சாரதியிடம் ஒன்று கேளுங்கள்: "கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஓடியிருக்கிறீங்களா, அண்ணை? மழைக்கு ஓடியிருக்கிறீங்களா?" ஏ9 வீதியில் இருபது வருடம் ஓடியவர் நல்ல சாரதிதான். ஆனால் மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் ஓடுவது வேறு, றம்பொடை வளைவுகளில் இறங்குவது வேறு. மலை பழகியவர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் அவரைப் பிடியுங்கள்.

பெரிய வான் என்றால் சாரதி அனுமதிப்பத்திரத்தில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். சாதாரண பி வகுப்பில் ஓடக்கூடியது ஒன்பது இருக்கை வரைதான். அதற்கு மேல் டி1 வேண்டும். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

3. எல்லாப் பத்திரத்தையும் ஒரே ஃபைலில் போடுங்கள்

வானுக்குரியவை: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், பதிவுப் புத்தகத்தின் பிரதி. லீசிங்கில் இருக்கும் வானுக்கு மூலப் புத்தகம் கம்பனியில்தான் இருக்கும், பிரதி போதும். உறவினரின் வானைக் கேட்டு வாங்கிப் போகிறீர்கள் என்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்துக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தின் முடிவுத் திகதி பயணத்துக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும் என்பதால் கடைசி நாளில் ஓடி முடிக்க முடியாது, ஒரு கிழமையாவது முந்துங்கள்.

காப்புறுதியில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த வானை வாடகைக்கு ஓடவிட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். வாடகைப் பாவனைக்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறதா என்று வான்காரரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். ஏதும் நடந்தால் வானை நகர்த்த முன்னர் காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்குக் கோல் எடுக்கவேண்டும்.

ஆட்களுக்குரியவை: பெரியவர்கள் எல்லோருக்கும் தேசிய அடையாள அட்டை, பிரதி அல்ல, அசல். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. அம்மா, அப்பாவுக்கு கிளினிக் கொப்பி. நோயாளி கண்டியிலோ நுவரெலியாவிலோ ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், என்ன மருந்து எவ்வளவு குடிக்கிறார் என்று அந்தக் கொப்பிதான் சொல்லும்.

கனடா, லண்டனிலிருந்து வந்த உறவுகளும் கூட வருகிறார்கள் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேராதனைப் பூங்கா, ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டினால் உள்ளூர் விலை. வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து வாசலில் வாதாடிப் பயனில்லை. அவர்கள் வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வான் ஓட்டவும் முடியாது.

4. செலவை லீற்றரில் கணக்குப் போடுங்கள்

எரிபொருள் விலை மாதந்தோறும் மாறுவதால் போன வருடம் போனவரின் கணக்கு உங்களுக்கு உதவாது. தூரம் மாறாது. கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறத்தாழ 255 கிலோமீட்டர், வவுனியாவிலிருந்து 180க்குக் கிட்ட. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வர மட்டும் ஐம்பது. கண்டியிலிருந்து நுவரெலியா 77. கிளிநொச்சிக் குடும்பம் போய்வர 665, அங்கே சுற்ற 150 என்று வைத்தால் 815 கிலோமீட்டர். ஏற்றத்தில் எந்த வானும் கூடக் குடிக்கும், லீற்றருக்கு 9 கிலோமீட்டர் என்று பிடியுங்கள். 90 லீற்றர். அன்றைய விலையால் பெருக்கினால் எரிபொருள் செலவு வந்துவிடும்.

வாடகை பேசும்போது நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் உள்ளடக்கம், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, மண்சரிவால் ஒரு நாள் கூடத் தங்க நேர்ந்தால் என்ன கணக்கு என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் அதுதான் முதலில் கேட்கவேண்டியது. கையில் ஒரு நாள் செலவுக்கான காசைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடாமல் திரும்பினால் சந்தோஷம்.

5. தங்கும் இடத்தைப் பிடிக்கும்போது

சமையலறையோடு வீடு எடுத்தால் பெரிய குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். சுடுதண்ணீர் எல்லாக் குளியலறையிலும் வருமா, கரண்ட் போனால் என்ன செய்வார்கள், வான் வாசல்வரை வருமா என்று கேளுங்கள். முழங்கால் நோவுள்ள அம்மம்மாவை நனைந்த படிக்கட்டில் ஏற்றி இறக்குவது பாவம். வீடு செங்குத்தாக வெட்டிய மண் திட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பதைப் படத்தில் காட்டமாட்டார்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் ஆசிரியரோ அரச ஊழியரோ இருந்தால் அவருடைய திணைக்களத்துக்கு நுவரெலியாப் பக்கம் சர்க்கிட் பங்களா (ஊழியர்கள் தங்கும் விடுதி) இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாடகை மிகக் குறைவு. விண்ணப்பம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும் என்பதால் விடுமுறைக்கு நன்றாக முந்திக் கேட்கவேண்டும்.

6. விடியப்புறம் நான்கு மணிக்கு வெளிக்கிட்டு, வெளிச்சத்தில் மலை ஏறுங்கள்

2025 மே 11 கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தது விடியப்புறத்தில். அதே வருடம் செப்டெம்பர் 4 எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தது இரவில். பகல் முழுக்க வேலை செய்த சாரதி இரவு முழுக்க ஓடி, நித்திரை அமுக்குகிற நேரத்தில் மலையில் நிற்கிறார் என்றால் அது எங்கள் நேரக்கணக்கின் தப்பு.

கிளிநொச்சியில் நான்கு மணிக்கு எடுத்தால் மிகிந்தலை தாண்டிக் காலைச் சாப்பாடு, தம்புள்ளை, நாவுல, மாத்தளை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரத்திலேயே இருப்பதால் இறங்கிக் கும்பிட்டுக் கால் நீட்ட வசதி. மதியத்துக்குள் கண்டிப் பக்கம் வந்துவிடலாம். முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் முதல் இரவை மாத்தளையிலோ கண்டியிலோ கழித்து, அடுத்த நாள் காலை ஏறுங்கள். ஒரு அறைச் செலவு கூடும், ஆனால் எல்லோரும் தெளிவாகப் போய்ச் சேருவீர்கள்.

மெதவாச்சி தொடக்கம் தம்புள்ளை வரை வேகம் பிடிக்க பொலிஸார் நிற்பார்கள். ஊர்ப் பகுதியில் 50, வெளியே 70 என்பதை சாரதிக்கு நினைவூட்டுங்கள். தண்டப்பணம் எழுதினால் அனுமதிப்பத்திரம் அங்கேயே நின்றுவிடும். பிறகு அதை எடுக்க வன்னியிலிருந்து திரும்பவும் போகவேண்டி வரும். பக்கத்துத் தபாற்கந்தோரில் உடனே கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே நகருங்கள். கைத்தொலைபேசியில் கோவ்பே (அரசாங்கத்தின் இணையக் கட்டண முறை) வழியாகக் கட்டும் வசதியும் வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அக்குறணை டவுன் கடும் மழைக்கு வெள்ளத்தில் மூழ்கும், கடக்க முன்னர் விசாரியுங்கள். கண்டி நகர நெரிசலைத் தவிர்க்க கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹல்லொலுவை, கன்னொறுவை வழியாகப் பேராதனைக்குப் போகலாம். ஒடுங்கிய வீதிதான், ஆறுதலாக ஓடவேண்டும். அப்புறம் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா.

கூகுள் வரைபடம் சொல்லும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். பத்து நிமிடம் மிச்சம் என்று தோட்டப் பாதைக்குள் இறக்கிவிடும். நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியும் அப்படித்தான், 2023 ஜனவரியில் பஸ்சும் வானும் மோதி ஏழு பேர் இறந்த இடம் அது. பெரிய வீதியை விட்டு விலகவேண்டாம்.

7. ஏறும்போது பொறுமை, இறங்கும்போது கியர்

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பிக் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். றப்பர் கருகுவது போல ஒரு காந்தல் மணம் வானுக்குள் வந்தால் அதுதான் எச்சரிக்கை. அகலமான இடத்தில் ஓரம் கட்டி, அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஓட்டோ கியர் வாகனத்தில் எல் அல்லது 2இல் போடுங்கள், ஹைபிரிட் என்றால் பி.

கண்ணாடி உள்ளே புகைபிடித்தது போல மூடிக்கொண்டால் குளிருகிறது என்று ஏசியை நிறுத்தாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளியும். வன்னிச் சாரதிகள் பலர் இதற்குத் துணியால் துடைத்துக்கொண்டே ஓடுகிறார்கள், அது ஆபத்து. பனிக்குள் உயர் வெளிச்சம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், விளக்கைத் தாழ்த்துங்கள். வளைவில் ஹோர்ன், ஏறி வரும் வாகனத்துக்கு வழி. பத்து மீற்றர் தெரியவில்லை என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். பெரும்பாலும் பனி விலகிக் கொடுக்கும்.

8. எச்சரிக்கையை ஊர்ப் பெயரில் தேடாதீர்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருத்தல், சிவப்பு என்றால் வெளியேற்றம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு.

புதிதாகப் போகிறவர்கள் தவறவிடுவது, அந்த அறிவித்தல் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரில் வரும் என்பது. "றம்பொடை" என்று தேடினால் கிடைக்காது, அது கொத்மலை. கம்பளை என்றால் உடபலாத்த. வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் அம்பகமுவ. கொஸ்லாந்தை என்றால் ஹல்துமுல்ல. உங்கள் பாதையிலுள்ள பிரிவுகளை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் பாருங்கள். மஞ்சள் என்றால் நான் பகலில் மட்டும் ஓடுவேன். செம்மஞ்சள் என்றால் இருக்கிற இடத்திலேயே இருப்பேன். சிவப்பு என்றால் அந்தப் பக்கம் போகும் பேச்சே இல்லை.

வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்கு மலையகத்தில் சொந்தம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கோல் எடுத்து "வீதி எப்படி?" என்று கேட்பதைவிட நல்ல தகவல் கிடையாது. சொந்தம் இல்லாவிட்டால் கம்பளையில் ஓட்டோக்காரர்களிடம் கேளுங்கள், தமிழிலேயே விபரமாகச் சொல்வார்கள். வீதியில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திட்டிலிருந்து திடீரெனக் கலங்கல் தண்ணீர் என்று எதைக் கண்டாலும் முன்னே போகாமல் திரும்புங்கள். படம் எடுக்க வெட்டிய மண் திட்டின் கீழ் வானை நிறுத்தாதீர்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119.

9. உடுப்பு, மருந்து, சாப்பாடு

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். எங்களுக்குப் பழகிய 33, 34 பாகையிலிருந்து இரவில் 12, 13க்கு இறங்கும். சுவெட்டர் மட்டும் போதாது, மழைக்கோட்டும் இரண்டு சோடி காலுறையும் வேண்டும். நனைந்த உடுப்பு அங்கே காயவே காயாது, ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு இரண்டு மாற்று. இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலர் பம்பைப் பெரிய பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருக்கவேண்டும்.

வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். கம்பளையில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மருந்து கொடுப்பதென்றால் ஏற்றம் தொடங்க அரை மணித்தியாலம் முந்தி, வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். தேசிக்காய், இஞ்சி, பைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

10. அருவியிலும் சமவெளியிலும்

றம்பொடை, டெவன், சென் கிளேயார் மூன்றையும் வீதியிலிருந்தே பார்க்கலாம். மழைக்காலத்தில் அப்படிப் பார்ப்பதுதான் சரி. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே பெய்த மழை சொல்லாமல் இறங்கும். அணைக்கட்டுகளின் வான் கதவும் திறப்பார்கள். குளத்தில் நீந்திப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரின் இழுவை தெரியாது, முழங்கால் அளவுக்கும் இறக்கவேண்டாம். புல்லுக்குள் நடந்தால் அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கட்டிக்கொண்டு போனால் போதும்.

ஹோட்டன் சமவெளி நடை சுமார் 9 கிலோமீட்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் பனியும் மூடிக்கொள்வதால் உலக முடிவு (World's End) என்ற மலை விளிம்பில் போய் நின்றும் ஒன்றும் தெரியாமல் திரும்புகிறவர்கள் அதிகம். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாளை சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் ஹக்கல பூங்காவுக்கும் கொடுங்கள். போவதுதான் என்றால் காலை ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள், பொலித்தீன் பையை விடமாட்டார்கள் என்பதால் சாப்பாட்டைப் பெட்டியில் எடுங்கள்.

11. திரும்பும் நாள்

இறக்கம் அன்றுதான் முழுதாக வருகிறது, சாமானும் கூடியிருக்கும். கிளம்பும் காலை டயர் காற்றும் பிரேக்கும் இன்னொருமுறை பாருங்கள். ஏழு மணிக்குள் நுவரெலியாவை விட்டால் பத்தரை, பதினொன்றுக்குள் கண்டி தாண்டி, இருட்ட முன்னர் வவுனியா. ஓமந்தைக்குப் பிறகு வீடு வந்துவிட்டது என்று சாரதி வேகம் பிடிப்பார். இருட்டியபின் ஏ9இல் மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்ட வரும்வரை தெரியாது. தாமதமாகிவிட்டால் வவுனியாவில் ஒரு தேத்தண்ணி குடித்து, சாரதியை முகம் கழுவவிட்டு, ஐம்பதுக்கு மேல் போகாமல் வாருங்கள்.